இரண்டு சீற் விமானம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பயந்தவள் என்று இன்றுவரை ஒருவரும் என்னைச் சொன்னதில்லை.

மானிப்பாயில் பஸ் ஏறினேன். முன் சீற்றில் ஒரு இளம் பெண்ணும் அவளுடைய தமையனும் இருந்தார்கள். அவளுடைய கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணை, நான் பிளேன் வாங்கிப்போட்டன்.”

“சைக்கிள் வாங்கின மாதிரிச் சொல்லுறாய்!”

“சின்னன்தான், ரண்டு சீற். கொழும்பிலை பிளேன் ஓடப் பழகினது சும்மாவே? அடுத்த மாதம் பலாலியிலை கொண்டுவந்து இறக்குவன். முதல் அம்மாவைத்தான் ஏத்துவன்.”

“விசரி! ஹெலி போனாலே அம்மா இன்னும் கட்டிலுக்குக் கீழை போறவ. அவ ஏறுவாவே?”

“உது சண்டை நேரம் குண்டு போட்ட பிளேன் இல்லை. மோட்டச்சைக்கிள் மாதிரித்தான் சத்தம். கேளண்ணை.”

போனில் அந்தச் சத்தத்தைப் போட்டாள். பஸ்ஸுக்குள் கதை நின்றது. கொண்டக்டர் கூரையைப் பார்த்தார். மீன்கூடையோடு இருந்த பெண் குனிந்தாள். என் தலையும் குனிந்திருந்தது.

“பார்த்தியே? அம்மா மட்டுமில்லை,” என்றான் தமையன்.

அவள் சட்டென்று நிறுத்தினாள். கொஞ்ச நேரம் போனைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சத்தத்தை நன்றாகக் குறைத்துத் திரும்பவும் போட்டாள்.

“இண்டைக்கு அம்மாவுக்கு இவ்வளவுதான் கேக்கவிடுவன். நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவன்.”

“அடுத்த மாதத்துக்குள்ளை அவவுக்குப் பயம் தெளியுமே?”

“தெளியாட்டில் பிளேன் நிக்கட்டும், அண்ணை.”

அவளுடைய கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் முறை நான் குனியவில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு. நான் தலை குனிந்த இடத்தையும் விடாமல் வாசி.