மூடி ஆடும் கெட்டில்

சொன்ன நேரத்துக்கு வந்து எங்களை நாணவைத்த விழாத் தலைவர் அவர்களே! வணிகத்தில் பழுத்த பெரியோர்களே! பேரம் பேசியே எங்களைப் பதறவைக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நாம் ‘பாதிவிலை அக்கா’ என்று கொண்டாடும் இந்த அம்மையார், ஒற்றை அறையில் தொடங்கிய மலிவுவிலைக் கடையை நாற்பது கடைகளாக வளர்த்தது எப்படி? முதலீடு பெரிதாக இருந்ததா? இல்லை. முன்அனுபவம் இருந்ததா? இல்லை. முகராசியா? சிரிக்காதீர்கள், அவர் முறைக்கிறார்!

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு தொழிற்சாலையில் தேங்கிக் கிடந்த நானூறு கெட்டில்களை, வீட்டுச் சேமிப்பு மொத்தத்தையும் போட்டு வாங்கினார். பெட்டியைப் பிரித்தால், எடுத்த கெட்டிலுக்கெல்லாம் மூடி ஆடுகிறது! அவை விலைபோகாவிட்டால், திறந்த மாதமே கடையை மூட வேண்டும்.

கணவர் சொன்னார்: “டேப் ஒட்டி வித்துடலாம். வீட்டுக்குப் போனப்புறந்தானே தெரியும்?”

“தெரிஞ்சப்புறம் யாரு நம்ம கடைப் படியேறுவா? பேனாவ எடுங்க.”

ஒவ்வொரு கெட்டிலிலும் ஒரு சீட்டு தொங்கியது: ‘மூடி ஆடும். தண்ணீர் ஒழுகாது. பாதி விலை.’

வாங்க வந்த கூட்டமா அது? வாசிக்க வந்த கூட்டம்! வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போனார்கள். ஒருவர் மறுநாளே வந்து சண்டை பிடித்தாராம்: “ஆடும்னு எழுதியிருக்கீங்க, என்னோடது ஆடவே மாட்டேங்குதே!” பின்வரிசையில் கேட்கிறீர்கள், மாற்றிக் கொடுத்தாரா என்று. கொடுத்தார் ஐயா, கொடுத்தார்!

சரி, அந்தக் கெட்டில்களை அவர் தலையில் கட்டிய தொழிற்சாலை மேலாளர் யார்? அவையோரே, நான்தான்!

அடுத்த ஆண்டு அவர் என் அறைக்குள் நுழைந்தபோது, சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. “இந்தத் தடவ நீங்களே பாத்து, குறை என்னன்னு சொல்லிடுங்க சார். சொன்ன சரக்க நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன்” என்றார். சொன்னேன். மற்ற தொழிற்சாலைக்காரர்களும் சொன்னார்கள். குறையைக் கூசாமல் சொல்ல ஓர் இடம் கிடைத்ததால், குறைபட்ட சரக்கெல்லாம் முதலில் அவரிடமே போனது. நாற்பது கடைகளும் அப்படித்தான் எழுந்தன.

அம்மா, அன்று நான் மறைத்ததற்கு இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்னம்மா? ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

“மறைச்சீங்களா? நீங்களும் பெட்டியப் பிரிச்சே பாக்கலன்னுல்ல சார் இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்!”

இல்லையம்மா. பார்த்தேன், தெரிந்தேதான் விற்றேன். இதைச் சொல்லவே இன்று இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.