வெட்டுப்படாத வேம்பு

கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் மரம் அறுக்கும் மெஷின், சாக்கில் சுற்றியிருந்தது.

"ஒரு வேப்பமரம் என்னைய ஏமாத்திட்டு வே," என்றார் மெஷின்காரர்.

"மரமா?"

"செயின் ஓடுத இரும்புப் பட்டை ஒரு பக்கமே தேயக்கூடாதுன்னு அப்பப்பத் திருப்பிப் போடுவோம்லா? அன்னைக்கு அவசரத்துல செயினக் கழத்தாம, சேத்தே திருப்பிட்டேன்."

"அப்ப பல்லு பின்னால பாத்துல்லா நிக்கும்!"

"ஆமா. மரத்துல வச்சா அறுக்கல, வெறும் பொகதான். மழுங்கிட்டுன்னு நெனச்சு ஒவ்வொரு பல்லுக்கா அரம் போட்டேன். மறுபடி வச்சா அதே பொக. மரம் வெட்டக் கூப்பிட்ட வீட்டம்மா பயந்துபோயி, 'மரத்துல அம்மன் இருக்கா, வெட்டாதீங்க'ன்னு மஞ்சத்துணி கட்டிட்டாவ."

"உமக்கு எப்பத் தெரிஞ்சிது?"

"வீட்டுக்கு வந்து கழத்தும்போதுதான்."

"போய்ச் சொன்னீரா?"

"சொல்லத்தான் நேத்துப் போனேன். செவ்வாக்கெழமையா, பொங்கல் வச்சு தெருவே நிக்கி. எனக்கும் ஒரு எலையில வச்சாவ. மரத்தடி குளுகுளுன்னு இருந்துது வே. நானும் ஒரு சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."