கூடலூர் பஸ் போயிரும்

தேனியிலிருந்து கூடலூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஆங்கில நாவல் பரீட்சையை எழுதிவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஜன்னலோரப் பெண் வெடித்தாள்.

"அந்தக் கதாநாயகி வீட்டைவிட்டுப் போனாளா இல்லையான்னு எனக்கு எப்படிடி தெரியும்?"

"அந்த நாவலைப் படமா எடுத்திருக்காக, பாத்துட்டேன்னு சொன்னியே?"

"தேனி தியேட்டர்ல வீட்டாளுகளோட பாத்தேன். கடைசில அவ பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறா, குதிரை வண்டியும் வந்திருச்சு. அந்நேரம் பாத்து எங்கப்பா எந்திரிச்சு, 'கிளம்பு, கூடலூர் பஸ் போயிரும்'னுட்டாக."

"முடியப்போற நேரத்துலயா?"

"எந்தப் படத்தைத்தான் முடிய விட்டாக? கிளைமாக்ஸ் வந்தாலே எங்க வீட்டுல செருப்பைத் தேட ஆரம்பிச்சிருவாக. இதுவரைக்கும் ஒரு படத்துக்கும் முடிவு தெரியாதுடி எனக்கு!"

சின்னமனூரில் கூட்டம் ஏறியது. தோழி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப என்னதான் எழுதுன?"

"வண்டியைத் திருப்பி அனுப்பிட்டு, அவ வீட்டுக்குள்ளயே போயிட்டான்னு எழுதுனேன்."

"அடிப்பாவி! அவ வண்டியேறிப் போயிருவாடி. கதையே அதுதான!"

ஜன்னலோரப் பெண் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"போயிட்டாளா?" என்றாள். "அவுக வீட்டுல விட்டாகளா?"