வீட்டுக்கு வந்த ஸ்கூல் கரடி

...அப்புறம் என்னங்க, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற புள்ளைக்கு எதுக்கு மனசப் பத்திப் பேச ஒரு கவுன்சிலர்? நீங்களே சொல்லுங்க. இருங்க இருங்க, இதை முடிச்சிர்றேன். நானும் இதே டுலூத் ஊர்லதான் படிச்சேன். அழுதா கையில ஒரு குக்கி குடுப்பாங்க, தின்னுட்டு எங்க பாட்டுக்கு வெளையாடப் போயிருவோம். இப்ப என்னடான்னா தனி ரூம், உள்ள லிண்ட் மேடம், அவங்களுக்கு மெத்து மெத்துன்னு சோபா. நமக்கு மட்டும் வெளிய இந்தக் குட்டி நாற்காலி! முட்டி தாடையில இடிக்குது. உங்களுக்கும்தானே? ஆங்.

என் பொண்ணு டில்டா. மூணு வாரமா கிளாஸ்ல வாயே தெறக்கலையாம். டீச்சர் கேட்டா தலைய மட்டும் ஆட்டுறாளாம். பெத்தவளுக்கு எப்படிங்க இருக்கும்? பேசாம இருந்தவங்கன்னு எங்க வம்சத்துலயே ஒருத்தர் கெடையாது! எங்க அத்தை ஒருத்தி, பல்லு டாக்டர் வாய்க்குள்ள மெஷின விட்டப்பவும் பேசினவ... சரி, அத விடுங்க.

இந்த மேடம் என்ன பண்ணாங்க, ஒரு துணிக் கரடியக் குடுத்தனுப்பினாங்க. சனி ஞாயிறு வீட்ல இருக்கட்டும், கரடி யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணும், மத்தவங்க கேக்கணும்னு. கூடவே ஒரு நோட்டு. புள்ள சொல்றத நான் அதுல எழுதணுமாம்.

கரடிய நீங்க பாத்திருக்கணும்! எந்தப் புள்ள வீட்டு ஜாமோ, காதெல்லாம் பிசுபிசுன்னு. விடுவேனா? டில்டா கையிலருந்து வாங்கினேன், தொவைச்சேன், ஹீட்டர் மேல காயப் போட்டேன். காது வேற பிரிஞ்சிருந்துச்சா, மடியில வெச்சுத் தெச்சேன். தைக்கிறப்போ சும்மாவா இருக்க முடியும், பேசிக்கிட்டேதான் தெச்சேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் என் மடியிலதான்...

அட, எதுக்குங்க சிரிக்கிறீங்க?

நோட்டும் எழுதினேனே! பதினோரு பக்கம். பத்தாம பின்னட்டையிலயும். எல்லாம் என் கதைதான், ஒத்துக்கிறேன். அவ ஒண்ணும் சொல்லலையே, நான் வேற எதை எழுதுவேன்?

இன்னிக்குக் காலையில கார் கண்ணாடியில பனி வழிச்சிட்டு உள்ள உக்கார்றேன், சீட்டுல அந்த நோட்டு. அட்டையில என் எழுத்துக்கு அடியில, இத்துனூண்டு எடத்துல, பென்சில்ல... இந்தாங்க, பாருங்க. "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அம்மா முடிச்சதும் சொல்றேன்."

மூணு வாரமாங்க... அதை எங்கிட்ட சொல்லாம என் புள்ளைக்கு வேற எதுவும் பேச வரல போல. என்னவா இருக்கும்? யாராச்சும் அடிச்சாங்களா? இல்ல, பல்லு ஆடுதா? எனக்குத் தெரியலையே!

அதோ, கதவு தெறக்குது. என்னத்தான் கூப்பிடுறாங்க. உள்ள இருக்கிற டில்டா பக்கத்துல போயி உக்காந்து நான் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், சும்மா இருக்கணும். முப்பத்தொம்பது வயசுல இதுக்குப் பயமா இருக்குங்க.

நீங்களும் கூட வாங்களேன்... நான் வாயத் தெறந்தா கால மிதிங்க. பூட்ஸோடயே மிதிங்க.