கொரியாவுக்கு ஒரு நாக்கு

— இருவத்தஞ்சாயிரம்.

— எதுக்கு சார்?

— உன்ற நாக்குக்கு. ஆண்டவன் சும்மா குடுத்தது, அதுக்குப் போயி இந்த ஆறுமுகசாமி வெல போடறேன். இருவது நிமிசம் ஆட்டுனதுக்கு இருவத்தஞ்சாயிரம் கண்ணு. கீழ தைக்கறவங்க ரெண்டு மாசம் ஓவர்டைம் பாத்தாலும் இந்தக் காசக் கண்ணுல பாக்க முடியாது.

— பணம் வேண்டாம் சார்.

— ம்... பணம் வேண்டாம்ங்கற ஆளுதான் கடைசில பெருசாக் கேக்கும். சரி, முப்பது. அதுக்கு மேல பேசுனா எந்திரிச்சுப் போயிருவேன்.

— இது உங்க ஆபீசு சார். எந்திரிச்சு எங்க போவீங்க...

— இந்த வாயி இருக்குது பாரு ஆஷா, இதுலதான் கொரியாக்காரன் விழுந்துட்டான். அன்னிக்கு நீ ஃபோன்ல இண்டர்வியூ பேசறப்ப, கண்ணாடிக்கு வெளிய நின்னு உன்ற வாயையே பாத்துட்டிருந்தேன். ஒன்னும் காதுல விழுகல. ஆனாலும் மழ பேயறாப்புல இருந்துது. தமிழ் பேசறப்ப மட்டும் உன்ற ஊரு சாத்தான்குளம் உன்னய விட மாட்டீங்குது. சொல்லுதேன், வாரேன்...

— வாரவ வாரேன்னுதான சார் சொல்லணும்.

— உன்ற இண்டர்வியூ முடியற வரைக்கும் சத்தம் கேக்கக் கூடாதுன்னு நாப்பது மெஷின நிறுத்தி வெச்சேன். முந்நூறு பீஸு போச்சு. ஒரு வார்த்த சொன்னனா?

— இப்பதான சொல்லுதீங்க. அதுவும் என் இண்டர்வியூன்னு. அபிராமி இண்டர்வியூன்னுல்ல என்னய உக்கார வெச்சீங்க?

— என்ற பொண்ணுக்குத்தான். பேச்சு உன்னுது, வேல அவுளுது. அதுக்கு ஏன் மொகத்தத் தூக்கி வெச்சுக்கற?

— ஒருத்திக்குப் பதிலா இன்னொருத்தி பேசுறது சரியில்லன்னு அன்னைக்கே சொன்னேன்.

— மெர்ச்சண்டைசர் வேல பாக்கற, இதுகூடத் தெரீல. சரக்கு வாங்கற பையருக்கு மொதல்ல என்ன போவுது? சாம்பிள். இருக்கறதுலயே நல்ல டெய்லர உக்கார வெச்சு, நல்ல துணியில, ஒரு பிசிறு இல்லாமத் தெச்சு அனுப்பறோம். அவன் பாத்து ஓகேங்கறான். அப்பறம் போற அம்பதாயிரம் பீஸும் அதே மாதிரியேவா போவுது? நீ சாம்பிளு. அபிராமி ஷிப்மென்ட்டு.

— போன வருசம் ஜெர்மனிக்காரன் துணிய எடை போட்டுப் பாத்துட்டு நாப்பது பெட்டியத் திருப்பி அனுப்புனான்.

— அவன் ஜெர்மனிக்காரன்.

— கொரியாக்காரன் எடை போட மாட்டானா?

— அவனுக்கு இங்கிலீசு தெரியாதுன்னுதான டீச்சருக்கு ஆளெடுக்கறான். சொல்லிக்குடுக்கறவளுக்குத் தெரியுமா தெரியாதான்னு தெரியாதவனுக்கு எப்பிடித் தெரியும்? இத்தன நாளு வெள்ளக்காரனத்தான் எடுத்துட்டிருந்தானாமா. வெல கட்டல போல. இந்த வருசம் ஒப்பந்தம் போட்டு நம்ம பக்கம் திரும்பிட்டான். பனியனுக்கு வந்தானுகல்ல, அதே மாதிரி.

— அபிராமிக்கு ரெண்டு வாரம் கிளாஸ் எடுத்தேன் சார். குட்மார்னிங்னு சொல்லுறதுக்குள்ள சிரிச்சிருது.

— சிரிச்ச மொகமா இருந்தாப் புள்ளைங்களுக்குப் புடிக்கும். அது கெடக்குது... அப்பிடி என்னதான் கேட்டாங்க அன்னிக்கு?

— பிள்ளைங்க பேச்சக் கேக்காம சத்தம் போட்டா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க.

— என்ன சொன்ன?

— நானும் சத்தம் போட மாட்டேன், குரலக் கொறைச்சிருவேன், என்ன சொல்லுதான்னு கேக்குறதுக்காகவே அடங்கிருவாங்கன்னு சொன்னேன். மூணு வருசமா உங்ககிட்ட அப்படித்தான பண்ணுதேன்.

— அப்பறம்?

— எதுக்கு டீச்சர் வேலைக்கு வாரீங்கன்னு கேட்டாங்க. சின்னதுல இருந்து அது ஒன்னுதான் ஆசைன்னு சொன்னேன்.

— நல்லாப் புளுகியிருக்கற.

— புளுகல.

— என்ற பொண்ணுக்கு ஆசையெல்லாம் கெடையாது கண்ணு. ஆசை மாப்பள ஊட்டுக்காரங்களுக்கு. பையன் குணா கொரியாவுல கப்பல் கட்டற கம்பெனியில இருக்கறான். காங்கேயத்துல அவங்கப்பனுக்கு மூணு எண்ணெய் மில்லு. பொண்ணும் அங்கயே சம்பாரிச்சாத்தான் கல்யாணம்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நானும் வாய விட்டுட்டேன். பத்திரிகையே அடிச்சாச்சு. செல்வி அபிராமி, கொரிய அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை. ஆயிரத்தி எரநூறு பத்திரிகை.

— வேலை வாரதுக்கு முந்தியேவா?

— நூலே வாங்காம டெலிவரி தேதி சொல்றதில்லியா? அதான் வந்துபோச்சே. கொரியாவுல இருந்து ஆர்டர் வந்துட்டுன்னு நேத்து நீதான சொன்ன. லெட்டர எடுத்துக் குடுத்துட்டு இந்த முப்பதாயிரத்த எடுத்துட்டுப் போ. மெயில்லதான இருக்குது?

— மெயில்லதான் இருக்கு. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

— ...அப்பிடி வா வழிக்கு. என்னதான் வேணும் உனக்கு?

— என் சர்டிபிகேட்டு.

— எந்த சர்டிபிகேட்டு?

— சேரும்போது வாங்கி லாக்கர்ல வெச்சீங்கள்ல. பத்தாவது, பன்னெண்டாவது, பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். மூணு வருசம் இங்கயே இருப்பேன்னு எழுதியும் வாங்குனீங்க. அது தை மாசத்தோட முடிஞ்சுட்டு சார்.

— முடிஞ்சுதா? அம்மை போட்டு இருவத்தெட்டு நாளு படுத்தியே, அத யாரு கழிக்கறது? வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போனது, உன்ற தங்கச்சி கல்யாணம்... எல்லாங் கூட்டுனா ஆடி வரைக்கும் இழுக்குது.

— ஆடி வந்தா ஆவணின்னு சொல்லுவீங்க.

— இப்ப என்ன அவசரம்?

— ஒரு ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு. பத்து நாளைக்குள்ள ஒரிஜினல் காட்டலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க.

— ஸ்கூலா? எங்க, ஊத்துக்குளியிலயா?

— இன்னும் கொஞ்சம் தள்ளி.

— பிரைவேட்டா?

— கெவர்மெண்ட்.

— கெவருமென்டா... எத்தன லட்சம் குடுத்த?

— ஒன்னும் குடுக்கல. பேசுனேன், எடுத்துக்கிட்டாங்க.

— கெவருமென்டு வாத்தியார் வேலைய, பேசுனதுக்கே தூக்கிக் குடுத்துட்டாங்களாமா. உன்னய எவனோ நல்லா ஏமாத்தறான் அம்மிணி. பஸ்ஸு போவுதா அந்த ஊருக்கு?

— பஸ் கெடையாது. தங்க வீடு அவங்களே குடுக்காங்க.

— பஸ்ஸே போகாத ஊருன்னா எதோ மலைக்கு மேல இருக்குது. புள்ளைங்க எப்பிடி?

— தமிழ் ஒரு வார்த்த தெரியாதாம்.

— அப்ப மலையாளத்துப் பக்கம். போ, போயிக் கஷ்டப்படு. இங்க மகாராணியாட்ட வெச்சிருந்தா உனக்குப் புடிக்கறதில்ல.

— மகாராணி... அவினாசி ரோட்டு பையிங் ஆபீசுல என்னய எடுக்குறதா இருந்தாங்க. நீங்க ஃபோன் போட்டு, அந்தப் பொண்ணுக்குக் கை நீளம்னு சொன்னீங்களாமே?

— ...யாரு சொன்னா?

— சொன்னாங்க.

— நல்ல ஆள நல்ல ஆளுன்னு சொல்லி எவனாச்சும் வெளிய விடுவானா? உன்ற மேல இருக்கற மரியாதையிலதான் சொன்னேன்.

— அந்த மரியாதையில ரெண்டு நாளு சோறு எறங்கல சார்.

— சரி, பழச விடு. இந்தா, பழனியாண்டவர் சாட்சியா லாக்கரத் தொறக்கறேன். ஒன்னு... ரெண்டு... மூணு. பத்தரமா வெச்சுக்கோ.

— நாலு இருக்கணும்.

— பி.எட். இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்சதும் தாறேன். இண்டர்வியூல பேசுனது நாந்தான்னு நீ வெளிய ஒரு வார்த்த விட்டயின்னா, என்ற மானத்தக் காங்கேயத்து மில்லுல போட்டு ஆட்டிப்போடுவாங்க.

— அது இல்லன்னா எனக்கு அந்த வேலை இல்ல சார். மத்த மூணையும் வேணும்னா நீங்களே வெச்சுக்கோங்க. அது ஒன்னக் குடுங்க.

— ஓகோ. அப்ப அதுதான் சரக்கு. சரக்கு எதுன்னு எதிராளிக்குக் காட்டலாமா கண்ணு? தொழில் கத்துக்கவே இல்ல நீ.

— தெனப்படி கரண்ட் கட்டுக்கு இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு. போச்சுன்னா சாயங்காலந்தான் பிரிண்டு. பதினோரு மணிக்கு உங்க சம்பந்தி கூப்பிடுவாருன்னு சொன்னீங்க.

— ...நீ மட்டும் என்ற ஊட்டுல பொறந்திருந்தீன்னா திருப்பூரையே வெலைக்கு வாங்கியிருப்ப. இந்தா, பி.எட். பிரிண்டப் போடு.

— போட்டாச்சு. வந்துட்டிருக்கு.

— இரு, ஃபோனு. காங்கேயந்தான்... வணக்கமுங் சம்மந்தி. ஆமாங்... வந்துபோச்சுங். லெட்டரே வந்துபோச்சுங்...

— சார், ஒரு நிமிசம்.

— சும்மா இரு கண்ணு... இல்லீங், ஆபீசுப் புள்ளைங்க... கெவருமென்டு பள்ளிக்கூடந்தானுங். ஊடு, பிளேன் டிக்கெட்டு எல்லாம் அவங்க செலவுங்... அட, இவ பேசுனதக் கேட்டு அவங்களே அசந்துட்டாங்களாமுங்... பொறுங், பேரோட படிச்சே காட்டறனுங். அம்மிணி, குடு அத.

— ஃபோன வெச்சுட்டுப் பாருங்க சார்.

— எதுக்கு?

— வெச்சுட்டுப் பாருங்க.

— ...சம்மந்தி, சித்த நேரங் கழிச்சு நானே கூப்பிடறனுங். ஆமாங், லைன் சரியில்லீங்... ம். இங்கிலீசு வராட்டியும் பேரு படிக்கற அளவுக்கு எனக்குத் தெரியும். எங்க போட்டிருக்கறான்?

— மொத வரியில.

— ஆஷா... இது என்ற பொண்ணு பேரு இல்லியே.

— இல்ல சார்.

— அபிராமிக்கு நீ அனுப்பவே இல்லியா?

— மொதல்ல அதத்தான் அனுப்புனேன். மூணாம் நாளே வேண்டாம்னு வந்துட்டு. பி.எட். இல்லாதவங்கள எடுக்க மாட்டாங்களாம். அபிராமிகிட்டதான் காட்டுனேன்.

— அவ என்ன சொன்னா?

— சிரிச்சுச்சு. மாப்பிள்ளைய வேண்டாம்னு நான் சொன்னா அப்பா அடிப்பாரு, அவங்களே வேண்டாம்னு போகட்டும், சொல்லிராதீங்கக்கான்னுச்சு. அப்ப அந்த வேலைக்கு நான் போட்டுக்கிடட்டான்னு கேட்டேன். போடுங்கக்கான்னுச்சு.

— அவளுமா... அந்தச் சிபாரிசு லெட்டரு? அபிராமிக்குன்னு நான் கையெழுத்துப் போட்டனே.

— எனக்குத்தான் போட்டீங்க. நாணயமான பொண்ணு, இவங்க போறது எங்க கம்பெனிக்கு நட்டம்னு எழுதிருக்கு.

— படிச்சுக் காட்டியிருக்கலாமில்ல?

— இத்தனை வருசத்துல நீங்க எதப் படிச்சுக் காட்டச் சொன்னீங்க? எங்க போடணும்னுதான கேப்பீங்க.

— பேர மாத்தித் தரச் சொல்லு ஆஷா. எத்தன ஆர்டர்ல பேரு மாத்தி வாங்கியிருக்கறோம். அம்பதாயிரம் தாறேன்... சரி, ஒரு லட்சம். பத்திரிகை அடிச்சுப்போட்டேன் கண்ணு.

— பேரு மாறி வந்திருந்தா மாத்தலாம். இது சரியாத்தான் வந்திருக்கு.

— மூணு வருசமா என்ற ஆபீசுல உக்காந்து, என்ற கம்ப்யூட்டர்ல, என்ற கரண்டுல... உன்ற சொந்த வேல பாத்திருக்கற. எத்தன நாளா நடக்குது இது?

— ஒரே ஒரு நாளுதான் சார். உங்க பேருல இதுவரைக்கும் எட்டாயிரத்து நானூத்துப் பன்னெண்டு மெயில் எழுதிருக்கேன், எல்லாத்துக்கும் கீழ ஆறுமுகசாமின்னுதான் போட்டேன். அபிராமி பேருல ஒன்னு. என் பேரப் போட்டு எழுதுனது ஒன்னே ஒன்னு, உங்க கையில இருக்கது அதுக்கு வந்த பதிலு.