பசை காயும் முன்

மட்டாஞ்சேரிக்கு முதல்முறை வருகிறவர்களுக்குத் தும்மல் நிற்காது. மிளகும் சுக்கும் காற்றிலேயே இருப்பதால் அப்படி. அதனால் படகுத்துறையிலிருந்து விருந்தாளிகளை அழைத்துவந்ததும் முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுக்கச் சொல்வேன். அந்த வெள்ளிக்கிழமை மாலையும் என் மனைவி காமாக்ஷி மோர்தான் கொண்டுவந்தாள்.

தமிழில் எழுதித் தரலாம் என்று அனுமதித்தீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர் சார். மலையாளம் நன்றாகப் பேசுவேன், ஆனால் எழுதும்போது பிழை வரும். பிழை எனக்குப் பிடிக்காது. என் மனைவி உங்களிடம் சொன்னதிலும் சில பிழைகள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் லக்ஷ்மிநாராயணன். கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்குக்குப் பொறுப்பாளன். கிடங்கின் பின்சுவரை ஒட்டி முதலாளி கொடுத்த வீட்டில் குடியிருக்கிறோம். எங்கள் சமையலறைக்கும் கிடங்குக்கும் ஒரே சுவர்.

வந்தவர்கள் மூன்று பேர். கல்யாணராமன், வெங்கிட்டு, செல்லப்பா. பாலக்காட்டில் என்னோடு கல்லூரியில் படித்தவர்கள். இப்போது கோயமுத்தூரில் வேலை. எமர்ஜென்சி முடிந்ததிலிருந்தே கொச்சி பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். இந்த முறை என்னைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டார்கள். சனி, ஞாயிறு இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

கல்யாணராமன் நல்லவன். இதை நான் மனதாரச் சொல்கிறேன். காமாக்ஷிக்கு ஒரு கோரா புடவை வாங்கி வந்திருந்தான். எனக்கு ஒரு பேனா. எல்லோரையும் சிரிக்கவைப்பான். எங்கே போனாலும் அவனைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள்.

வெள்ளி மாலை அடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் என் கதையை எடுத்தான். கல்லூரி ஆண்டுவிழாவில் நான் பேசுவதாக இருந்தது. ஒரு வாரம் மனப்பாடம் செய்திருந்தேன். மேடை ஏறி, "தலைவர் அவர்களே" என்றேன். அதற்குமேல் வரவில்லை. மைக் முன்னால் எச்சில் விழுங்கினேன். அது அரங்கம் முழுக்கக் கேட்டது. திரும்ப விழுங்கினேன். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிவந்தேன். இதை அவன் எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். அந்த விழுங்கும் சத்தத்தை அவனைப்போல் யாராலும் செய்ய முடியாது.

வெங்கிட்டுவும் செல்லப்பாவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பழக்கம்தான். அடைத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்த காமாக்ஷியும் சிரித்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் தேவையில்லாத சத்தம் எனக்கு ஆகாது. முதல் வருஷத்திலேயே அவள் அதைத் தெரிந்துகொண்டாள். மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்போது முறிந்த அவள் மணிக்கட்டு எலும்பும் நன்றாகவே கூடிவிட்டது, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் வலிக்கும். அப்படிப்பட்டவள் அன்று புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணராமன் அதைப் பார்த்துவிட்டான். "மன்னிக்கு இது தெரியாதா? அப்போ இன்னொரு தடவை பண்ணிடறேன்" என்று மறுபடியும் விழுங்கிக் காட்டினான். அவளும் மறுபடி சிரித்தாள். என்னைப் பார்த்ததும்தான் நிறுத்தினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. காமாக்ஷி உங்களிடம் கோபம் என்று சொல்லியிருக்கிறாள். அது முதல் பிழை. நான் அடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் வெங்கிட்டுவும் செல்லப்பாவும் யூதர் தெருவைப் பார்க்கக் கிளம்பினார்கள். கல்யாணராமனுக்கு வயிறு நிறைந்துவிட்டது. "நான் வரலைடா, கண்ணு சொக்கறது" என்றான். வீட்டுக்குள் ஒரே புழுக்கம். கிடங்கின் பரணில் எப்போதும் குளுமையாக இருக்கும், காலி சாக்குகள் மெத்தைபோல் கிடக்கும். அவன் அங்கே ஏறிப் படுத்துக்கொண்டான்.

கிடங்கில் பூச்சி விழாமலிருக்க அவ்வப்போது மருந்து வைத்து மூடுவோம். விஷப்புகை. சன்னல், கதவு இடுக்கு எல்லாவற்றிலும் மாவுப்பசை தடவிக் காகிதம் ஒட்டிவிட்டால் சில நாள் கழித்துத்தான் திறப்பது. அதற்கு இசக்கிமுத்து வருவான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், வெகு காலமாக இங்கே மூட்டை தூக்குகிறான். அன்று வந்து மருந்தை வைத்துவிட்டு, முகத்தில் கட்டிய துண்டை அவிழ்த்தபடி வெளியே வந்தான்.

"சாரே, உள்ள ஆளு ஒண்ணும் இல்லல்லோ? பரண்மேல நான் கேறிப் பாக்கல."

"இல்லை" என்றேன்.

"நோக்கிட்டு வந்திரட்டுமா? ஒரு நிமிசம்."

"நான் பாத்துட்டேன். நீ சன்னலை ஒட்டி முடி."

அவன்மீது ஒரு தவறும் இல்லை. இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சன்னல்களை ஒட்டிவிட்டு, கதவுக்கான பசை டப்பாவை என்னிடம் கொடுத்துச் சாயா குடிக்கப் போய்விட்டான். பூட்டியதும் நான். கதவில் காகிதம் ஒட்டியதும் நான். கடைசித் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவு அதிர்ந்தது. பசை காய்ந்திருக்கவில்லை. காகிதம் ஒரு மூலையில் பெயர்ந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நல்ல பசை, கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் போனபோது காமாக்ஷி சமையலறைச் சுவரருகில் நின்றிருந்தாள்.

"ஏன்னா, கோடவுன்ல யாரோ தட்டறாப்பல இருக்கே?"

"எலி. மருந்து வெச்சிருக்கு, ஓடறது."

"எலி பேர் சொல்லிக் கூப்பிடுமோன்னா? லச்சு, லச்சுன்னு கேக்கறதே."

"அடுப்பை அணைச்சியா?" என்று கேட்டேன்.

அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். நான் அவளை மிரட்டியதாக அவள் சொன்னது இரண்டாவது பிழை. அவளே கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் பொத்திக்கொள்ளவில்லை. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அவன் இருமினான், பிறகு எதையோ விழுங்க முயல்வதுபோல் ஒரு சத்தம். எல்லாம் அடங்கியபின் காப்பி போடச் சொன்னேன். அவள் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நானே போட்டுக்கொண்டேன்.

நண்பர்கள் திரும்பி வந்து அவனைத் தேடினார்கள். களமசேரியில் யாரோ சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறான் என்றேன். "சொல்லாமப் போயிட்டானா? அவன் எப்பவும் இப்படித்தான்" என்று வெங்கிட்டு சொன்னான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சாயங்காலம் எல்லோரும் வைப்பினுக்குப் படகில் போனோம். காமாக்ஷியையும் அழைத்துப் போனேன். அவளைத் தனியே விட்டுப்போவது சரியாகப் படவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "பாருடா, புது மாப்பிள்ளை மாதிரி" என்று செல்லப்பா கேலி செய்தான். அன்று படகில் நான்தான் பேசினேன். சீன வலைகளைப் பற்றி, சுக்கு எப்படிக் காய்கிறது என்பதைப் பற்றி, டச்சுக்காரர்களைப் பற்றி. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இருவரும் கவனமாகக் கேட்டார்கள். கரை இறங்கும்போது வெங்கிட்டு, "இவ்வளவு பேசுவியாடா நீ?" என்றான். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அவர்களுக்கும் அது நல்ல பயணமாகத்தான் அமைந்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் இருவரையும் எர்ணாகுளம் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடப் போனேன். கல்யாணராமன் களமசேரியிலிருந்து நேராகப் போய்க்கொள்வான் என்றதும் அவன் பையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் வெளியே கிளம்பினால் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டுவது வழக்கம். காமாக்ஷியின் பாதுகாப்புக்காக. அன்று நண்பர்கள் எதிரில் பூட்ட முடியவில்லை. நான் திரும்பி வந்தபோது உங்கள் ஆட்கள் கிடங்குக் கதவை உடைத்துக்கொண்டிருந்தார்கள். காமாக்ஷி மழையில் நடந்து, வழி கேட்டுக் கேட்டு, உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். மீன் விற்கும் அம்மிணி என்ற பெண் வழி காட்டினாளாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் பாக்கி. முன்பே எழுதியிருக்க வேண்டும், கோர்வையாக வரவில்லை. பரணில் போய்ப் படுத்துக்கொள் என்று கல்யாணராமனிடம் சொன்னது நான்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். மருந்து வைப்பது அந்தச் சனிக்கிழமை நடப்பதாகவே இல்லை. அடுத்த வாரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். காலையில் எல்லோரும் குளித்துக்கொண்டிருந்தபோது நான் போய் இசக்கிமுத்துவை வரச் சொன்னேன். கல்யாணராமன் விழித்துக்கொண்டு கூப்பிடுவான் என்பதும் தெரியும். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான் என்பதும் தெரியும். தெரிந்துதான் கொன்றேன்.

காமாக்ஷி இப்போது ஆலுவாவில் அவள் அண்ணா வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொன்னதாகவும் சொன்னீர்கள். அது அவள் வார்த்தையாக இருக்காது, யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். அவள் அண்ணாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள், சார். அவர் வெளியே போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகட்டும். பாவம், தனியாக ஒரு தெருவைத் தாண்டக்கூடத் தெரியாதவள்.