சாமத்தியவீட்டு வீடியோவும் குளிசையும்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதுவதற்கு மன்னியுங்கள். பாரிஸின் லா சப்பலில், புடவைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பூப்புனித விழாவுக்குப் புடவை எடுக்க நின்றார்கள். மூத்தவர் சொன்னார்:

"உன்ரை மகளின்ரை சாமத்தியவீடு முடியுமட்டும் அந்தக் கோர்ட்டிசோன் குளிசையை நிப்பாட்டு, மச்சாள். முகம் ஊதிக் கிடக்கு. வீடியோவிலை என்னெண்டு நிக்கப் போறாய்?"

இளையவருக்குக் குரல் உயர்ந்தது.

"என்ரை உடம்பே என்ரை தசையைத் தின்னுற வருத்தம் எண்டு எத்தனை தரம் சொல்லிப்போட்டன்? போன வருசம் சீப்பாலை தலை இழுக்கவே கை எழும்பேல்லை. அப்ப சோம்பேறி எண்டியள். இப்ப முகம் வடிவில்லையோ? திடீரெண்டு நிப்பாட்டினால் ஆபத்தெண்டு டொக்டர் சொன்னவர். குளிசையாலைதான் இப்ப கை எழும்புது; பிள்ளைக்கு நான்தான் தலை பின்னிப் பூ வைப்பன். வீடியோக்காரன் முகத்தை விட்டிட்டு அந்தக் கையைப் படம் எடுக்கட்டும்!"

மறுநாள் அந்த இளையவரை மருந்துக்கடையில் கண்டேன். குளிசைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.